வலிமையும் மனவெழுச்சியும்: ஆங்கில மரபுத்தொடர்கள் சில

பிறமொழி ஒன்றைக் கற்பார்க்கு இலக்கணம் ஒரு தடை. சொல்வளம் மற்றொரு தடை. இவ்விரண்டையுங் கடந்தார்க்கும் மூன்றாவது தடையொன்று எஞ்சி நிற்கும். அதுவே மரபுத்தொடர். தனித்தனியே பொருள் தெரிந்த சொற்கள் ஒருங்குகூடி, நாம் எதிர்பாராத பொருளொன்றைத் தருவது அதன் இயல்பு. அருஞ்சொற்கள் மாணாக்கரை மயக்குதல் குறைவு; அவற்றுக்கு அகராதி உண்டு. மயக்குவன சூடு, குளிர், நெஞ்சு, மரம் முதலிய எளிய சொற்களே. வலிமையையும் மிக்க உணர்ச்சியையுங் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள் சிலவற்றைக்கொண்டு இதனை ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு மாணவியின் விடைத்தாள். பளையிலே நான் ஆங்கிலம் கற்பித்த வகுப்பொன்றில், ‘தாயின் மனம் குளிர்ந்தது’ என்னும் வாக்கியத்தை மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தேன். மனத்துக்கு ‘ஹார்ட்’ என்றும், குளிர்ச்சிக்குக் ‘கோல்ட்’ என்றும் இட்டு, இலக்கண வழு யாதுமின்றி அவள் எழுதியிருந்தாள். ஆங்கிலம் அறிந்தார் அதனைப் படித்தால், தாய்க்குப் பிள்ளைமீது இருந்த அன்பு அற்றுப்போயிற்று என்றே கொள்வர். சிவப்பு மையால் வெட்டினேன். “ஏன் சேர் பிழை?” என்று கேட்டாள். “ஆங்கிலேயர் அப்படிச் சொல்வதில்லை” என்றேன். அது விடையன்று என்பது எனக்கே தெரியும். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவள் கேள்வி கேட்டிலள். போரும் பொருளாதாரத் தடையும் நிலவிய 1990களிலே, குப்பிவிளக்கின் ஒளியில் மரபுத்தொடர்ப் பட்டியல்களை மனனஞ்செய்து, பின்னர் வெளிவாரியாகப் பட்டம் பெற்றவன் நான். அப்பட்டியல்களில் தொடர் உண்டு, பொருள் உண்டு. ‘ஏன்’ என்பதற்கு இடமில்லை.

இங்கிலாந்து நாடு ஏறத்தாழ ஐம்பதாம் பாகைக்கு வடக்கே கிடப்பது. அங்கே மாரிக்காலத்தில் குளிர் உயிரை வாட்டும். அடுப்பங்கரையின் வெதுவெதுப்பே வீட்டின் உயிர்நிலை. ஆகவே அன்புள்ள வரவேற்பு ‘வெதுப்பான வரவேற்பு’ ஆயிற்று. இரக்கமற்றவன் ‘குளிர்ந்த நெஞ்சினன்’ ஆயினன். பளையோ ஒன்பதரைப் பாகை அளவில் உள்ளது. சித்திரை வெயிலில் வெண்மணலை மிதித்து வந்தவனுக்கு நிழலும் ஒரு செம்பு நீருமே அன்பின் வடிவம். எனவேதான் தமிழர் மனம் அன்பினாற் குளிர்கின்றது. அரசனது அருளைத் தண்ணளி என்கின்றோம். தமிழில் மனம் குளிர்ந்தவிடத்து ஆங்கிலத்தில் நெஞ்சு வெதும்பவேண்டும்! தமிழில் நெஞ்சு வெதும்பினாலோ அது துயரம்.

ஆயினும் காலநிலையே எல்லாவற்றுக்குங் காரணம் என்று துணிதல் பொருந்தாது. சினத்தை இருமொழியாருஞ் சூடாகவே கண்டனர்; குருதி கொதித்தல் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. பதறாத அறிவை ‘குளிர்ந்த தலை’ என்று ஆங்கிலேயர் புகழ்வர். வெம்மை என்னுஞ் சொல்லுக்கு விருப்பம் என்னும் பொருளைத் தொல்காப்பிய உரியியல் கூறுதலும் நோக்கத்தக்கது. ஆசை சுடும் என்பதனைப் பண்டைத் தமிழரும் அறிந்திருந்தனர் போலும்.

சினம் சூடு, அருள் குளிர்ச்சி என்னும் கருத்து நம்மிடையே சொல்லளவில் நின்றதன்று. முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளையிலே கண்ணகி அம்மன் கோயில் கொண்டிருக்கின்றாள். மதுரையை எரித்த சினத்துடன் ஈழம் போந்த கண்ணகி, தங்கிச்சென்ற இடங்களுட் பத்தாவது இது. பத்தாம் பளை என்பதே வற்றாப்பளையாயிற்று என்பது வழிவழி வருங் கதை. கீழ் மாகாணத்துக் கண்ணகி கோயில்களில் அம்மனின் சினந்தணியப் பாடி ஆற்றும் சடங்கிற்குக் குளிர்த்தி என்றே பெயர். ஒரு சொல்லைச் சுற்றி ஒரு வழிபாடே எழுந்துள்ளவிடத்து, அதனை ஆங்கிலத்திற் ‘கோல்ட்’ என்று பெயர்த்தல் எங்ஙனம் இயலும்?

இனி வலிமைக்கு வருவாம். ‘ஹார்ட் ஒவ் ஓக்’ என்பது ஆங்கிலேயர் பெருமையுடன் வழங்குந் தொடர். ஓக் மரத்தின் நெஞ்சு என்பது சொற்பொருள். அஞ்சா நெஞ்சினன் என்பது கருத்து. நடிகர் டேவிட் கரிக் எழுத, வில்லியம் பொய்ஸ் இசையமைத்த பாடலொன்று 1759இல் இத்தொடரைத் தலைப்பாகக்கொண்டு எழுந்து, பிற்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் அணிநடைப் பாடலாயிற்று. அக்காலப் போர்க்கப்பல்கள் ஓக் மரத்தாலானவை. அம்மரத்தின் வெளிப்புற வெளிறு விரைவில் உளுத்துவிடும். நடுவிலுள்ள வைரமே நெடுங்காலம் நிற்கும். கப்பலைத் தாங்கும் வைரம் கப்பலோட்டியின் நெஞ்சுக்கும் பெயராயிற்று.

இதனை வகுப்பில் விளக்கியபோது ஓர் இடர் நேர்ந்தது. எம்மூர்ப் பிள்ளைகள் நன்கறிந்த மரங்கள் பனையும் தென்னையும். பனையைத் தறித்துப் பார்த்தவன், மரத்தின் நெஞ்சு வலிது என்பதை எவ்வாறு நம்புவான்? பனையின் வலிமை புறத்தே கருவைரமாய் உள்ளது. வளையும் சலாகையும் அதிலிருந்து பெறப்படுவன. அகத்தே இருப்பது மென்மையான சோற்றி. அதனைக் குடைந்தெறிந்து நீரோடும் பீலி செய்வர். தொல்காப்பிய மரபியல் இவ்வேற்றுமையைக் கண்டு, வைரம் உள்ளே அமைந்தவற்றை மரம் என்றும், புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும் பாகுபடுத்தியது. அவ்விலக்கணப்படி பனை புல்லினமே. இன்றைய தாவரவியலும் புல்லையும் பனையையும் ஒருவித்திலைத் தாவரங்களுள் அடக்கும். ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்னும் பழமொழியை அன்று ஒரு மாணவன் நினைவூட்டி, “அப்படியெண்டால் பனையும் ஆயுதமோ சேர்?” என்றான். சிரித்தோம், ஆயின் ஓக் மரத்தின் தொடர் அவர்களுக்கு அதன்பின் மறக்கவில்லை.

நெஞ்சுரம் என்னும் நம் சொல்லும் ஆராயத்தக்கது. ஆங்கிலக் ‘கரேஜ்’ என்னுஞ் சொல், நெஞ்சைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அவ்வளவில் இரண்டும் உறவினர். உரம் என்பதற்கு வலிமை, மார்பு என்பன பழம்பொருள்கள். வயலுக்கு இடும் உரமும் இதுவோ என வேளாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆண்டுதோறும் வினவுவர். மண்ணுக்கு வலிமை தருவது அன்றோ!

உணர்ச்சிக்கு உறைவிடம் எவ்வுறுப்பு என்பதிலும் இருமொழியாரும் பலவிடத்துப் பிரிவர். கிரேக்க மருத்துவர் உடலில் குருதி, சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்களைக் கொண்டனர். மஞ்சட்பித்தம் மிகின் சினம். கரும்பித்தம் மிகின் சோர்வு. அம்மருத்துவம் மறைந்தபின்னும் சொற்கள் மறையவில்லை. கடுஞ்சினத்துடன் எழுதப்பட்டதை இன்றும் ‘பித்தம் நிறைந்தது’ என ஆங்கிலத்திற் கூறுவர். நம் சித்த மருத்துவத்திலும் பித்தம் உண்டு. ஆயினும் அது நம் மொழியிற் சென்ற வழி வேறு. பித்து என்றால் மயக்கம், பேரன்பு, தன்னை மறந்த பத்தி. சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனைப் பித்தன் என அழைத்தன்றோ பாடத் தொடங்கினார்!

ஈரலும் அவ்வாறே. மக்பெத் நாடகத்தில், அஞ்சி ஓடிவந்த ஏவலன் ஒருவனை வெளுத்த ஈரலன் என அரசன் ஏசுகின்றான். குருதியற்ற ஈரலில் வீரம் இராது என்பது அக்கால நம்பிக்கை. நமக்கோ பேரச்சத்தில் ஈரற்குலை நடுங்கும். இவ்விடத்து இருவரும் நெருங்கி வருகின்றனர். இரத்தம் நீரினும் தடித்தது என அவர் கூறும் உறவுப்பற்றை, தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என நாம் கூறுவோம். நம் பழமொழி உயர்ந்தது என்பது என் துணிபு. அவர் கூற்று ஒப்புமை, நம் கூற்று நிகழ்ச்சி. மிகுசினத்தனை, தனக்குப் பக்கத்தே தான் நிற்பவன் என்பர் ஆங்கிலேயர். அவன் தன்னைவிட்டு வெளியேறினான். எம்மூரார் அவன் சன்னதமாடினான் என்பர்; அவனுள் வேறொருவர் புகுந்தனர்.

‘டெம்பர்’ என்னுஞ் சொல் ஆசிரியரையும் மயக்கவல்லது. அளவறிந்து கலத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிற் பிறந்தது அது. உருக்கைப் பதப்படுத்துவதற்கும் மனத்தின் சமநிலைக்கும் வழங்கிற்று. ஆகவே ஒருவன் அதனை இழந்தால் சினந்தான் என்று பொருள். அதே சொல்லை அவன் உடையவன் என்றாலும் சினமுள்ளவன் என்றே பொருள்! இழப்பினும் சினம், இருப்பினும் சினம்.

பெருமுயற்சியை ஆங்கிலேயர் ஹெர்க்குலிசின் வேலை என்பர். அவன் பன்னிரண்டு அருஞ்செயல்களைப் பெரும்பாலும் தோள்வலியால் முடித்த கிரேக்க வீரன். நாம் அதனைப் பகீரதப் பிரயத்தனம் எனப் பெயர்க்கின்றோம். பகீரதன் எவரையும் அடித்து வீழ்த்தவில்லை. முன்னோர் நற்கதியடையும் பொருட்டு நெடுந்தவம் புரிந்து கங்கையைக் கொணர்ந்தான். பொருள் ஒத்தாலும், வலிமை என்றால் யாது என்பதில் இரு நாட்டாரின் எண்ணமும் ஒத்திலது.

இவ்விடர் இன்று தோன்றியதன்று. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த பேர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1842இல் அங்கே வெளியிட்டார். 1874இல் சென்னையில் வெளிவந்த தொகுப்போ ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொண்டது. அவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற வழியிலேதான் எம் மாணவரும் இடறுகின்றனர்.

அம்மாணவி பாடசாலையை விட்டு நீங்கிய பின்னரே இவ்விடைகள் எனக்குத் துலங்கின. இப்போது என் வகுப்பில், மரபுத்தொடரை மொழிபெயர்ப்போர் அதன்கீழ் அவ்வாறு எழுதிய காரணத்தைத் தமிழில் ஒரு வரி எழுதவேண்டும். புள்ளியிற் பாதி அவ்வரிக்கு. சென்ற தவணையில் ‘அவளது வயிற்றிற் பால் வார்த்தாற் போலிருந்தது’ என்பதைக் கொடுத்தேன். ஒரு சிறுவன் பாலை வயிற்றில் ஊற்றியதாகவே ஆங்கிலத்தில் எழுதிவிட்டான். கீழே எழுதியது இது: “அம்மாவுக்கு வயிறு எரிஞ்சுகொண்டிருந்தது, மகன் உயிரோடை இருக்கிறான் எண்ட செய்தி வந்தது.” பாதிப் புள்ளியை முழுமையாக இட்டேன்.