படிவத்தில் இல்லாதவர்கள்

சமூகவியல் கற்றவர் விரிவுரையாளராகாவிட்டால் அந்தப் படிப்பு வீண் என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழமாக உண்டு. பொயிண்ட் குக்கில் வாழ்ந்துகொண்டு, புதிதாகக் குடியேறியோருக்கான சேவைகளைத் திட்டமிடும் வேலை செய்பவன் என்ற முறையில் இதனை மறுக்க விரும்புகிறேன்.

எந்த மொழியில் துண்டுப்பிரசுரம் அச்சிடுவது, எங்கே வகுப்பு நடத்துவது என்பவற்றை மாநகரசபைகளும் சேவை நிறுவனங்களும் பெரும்பாலும் குடிசன மதிப்பீட்டை வைத்தே முடிவு செய்கின்றன. அவுஸ்திரேலியப் படிவம் பிறந்த நாட்டைக் கேட்கிறது, வீட்டில் பேசும் மொழியைக் கேட்கிறது, விசாவைக் கேட்பதில்லை. பிறந்த நாட்டால் எண்ணினால் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் யாவரும் 'இலங்கை' என்ற ஒரே நிரலில் அடங்குவர். மொழியால் எண்ணினாலோ, கணினித் தொழிலுக்காகச் சென்னையிலிருந்து வந்தவரும், 2012இல் படகில் வந்து இன்றும் பிரிட்ஜிங் விசாவில் இருப்பவரும் ஒன்றாகிவிடுவர். சராசரி எடுத்தால், கிடைப்பது சொந்த வீடும் இரண்டு காரும் உள்ள ஒரு குடும்பம். உதவி தேவைப்படுபவர் அந்தச் சராசரிக்குள் காணாமற்போகிறார்.

2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறக்கப்பட்டது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்கள் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். அவர்களிற் பலர் இங்கு பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள்.

வகைப்படுத்தலின் விளைவு நமக்குப் புதிதல்ல. 1911ஆம் ஆண்டு இலங்கைக் குடிசன மதிப்பீடு 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' எனப் பிரித்து எண்ணியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டம் வந்தபோது அந்தப் பிரிப்பு நிர்வாகத்துக்கும், நம்மிற் பலருக்கும், இயல்பான ஒன்றாகிவிட்டிருந்தது.

எனவே எந்த அட்டவணையைக் கண்டாலும், இதை வகுத்தவர் யார், இதில் மறைபவர் யார் என்று கேட்பதே என் அன்றாடத் தொழில்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. திருப்பி அனுப்பப்படுவோம் என்று அஞ்சுபவர் எண்ணப்படவே விரும்பமாட்டார். அவரைக் கண்டறிந்து பதிவது அவருக்கு உதவியா, அரசுக்கு உதவியா? பெயரையும் விசாவையும் கேளாமல், தேவையை மட்டும் கேட்டுப் பதிகிறேன். இதனால் என் அறிக்கையின் பலம் குறைகிறது என்பதையும் அறிவேன்.

நமது ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஊராலும் பாடசாலையாலுமே ஆட்களை எண்ணுகின்றன. அந்தப் பட்டியல்களில் இடம்பெறாத தமிழர் யார் என்பதை நாம் எப்போது விவாதிக்கப் போகிறோம்?