உஷார்! காசு கொடுத்து வாங்கிய கேம் உங்களுடையது இல்லை

போன தீபாவளிக்கு அக்கா மகனுக்கு ஒரு கம்ப்யூட்டர் கேம் வாங்கிப் போனேன். டவுன்லோட் செய்வதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. கையில் பிடித்துப் பார்த்து, அலமாரியில் அடுக்கி வைக்கிற பொருளாக இருக்கட்டும் என்று நாலு கடை ஏறி இறங்கி, பெட்டியில் வருவதாகப் பார்த்து எடுத்தேன். பையன் மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை ஆசை ஆசையாகக் கிழித்தான். திறந்தால், டிஸ்க் உட்காரும் வட்டக் குழி காலி. நடுவில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பற்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுச்சீட்டு ஒன்று. அதில் ஐந்தைந்து எழுத்தாகப் பிரித்து அச்சடித்த ஒரு கீ.

"டிஸ்க் எங்க மாமா?" என்றான்.

அடுத்த நாள் கடைக்குப் போய்க் கேட்டேன். "இப்ப எல்லாமே இப்படித்தான் சார் வருது. பின்னாடி போட்டிருக்கு பாருங்க" என்றார் கடைக்காரர். போட்டுத்தான் இருந்தது. பெட்டியின் அடியில், பார்கோடுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் முகத்தருகே கொண்டுபோய்ப் படிக்க வேண்டிய எழுத்தில், 'டிஸ்க் இல்லை, இணைய இணைப்பு அவசியம்' என்ற அர்த்தத்தில் ஒரு வரி. சீட்டில் இருந்த கீயை அடித்த பிறகு, 90 ஜிபிக்கு மேல் இறக்கச் சொன்னது. அக்கா வீட்டு இணைப்பில் இரண்டு ராத்திரி ஓடியது.

பண்டிகை ஆஃபர், லீவு ஆஃபர் என்று பெற்றோர் பலர் பிள்ளைகளுக்குக் கேம் வாங்குகிறார்கள். டவுன்லோடா, டிஸ்க்கா, எது லாபம் என்றுதான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் பணம் கொடுத்த பிறகு அந்த கேம் யார் கையில் இருக்கிறது?

'தி க்ரூ' என்று ஒரு கார் ஓட்டும் கேம். பிரான்ஸின் யுபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாகச் செய்திருந்தார்கள். ஒரு கடற்கரையில் கிளம்பி இன்னொரு கடற்கரை வரை ஓட்டிக்கொண்டே போகலாம். தனியாக உட்கார்ந்து ஓட்டினாலும் அந்த நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தாக வேண்டும். அப்படித்தான் அதைக் கட்டியிருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அடுத்த சில நாட்களில், வாங்கியவர்களின் கணக்கில் இருந்தே அந்த கேமை எடுத்துவிட்டார்கள்.

டவுன்லோட் செய்தவர்களுக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை இது. கடையில் டிஸ்க்காக வாங்கி, ஒரு கீறல்கூட விழாமல் பத்திரமாக வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. டிஸ்க்கைப் போட்டால் சுழலும். கேம் சர்வரைத் தேடும். சர்வர் இல்லை, அங்கேயே நின்றுவிடும். கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் 2024 நவம்பரில் வழக்குப் போட்டார்கள். அந்த கேமோடு வந்த ஆக்டிவேஷன் கோடில் காலாவதி ஆண்டு 2099 என்று இருப்பதை அவர்கள் தரப்பு எடுத்துக்காட்டியது. 75 வருடம் மிச்சம் இருக்கும்போதே விளையாட்டு முடிந்துவிட்டது. வாங்கியவர்களுக்குக் கொடுத்தது லைசென்ஸ் மட்டும்தான் என்பது நிறுவனத்தின் வாதம்.

'தி க்ரூ'வை மூடியதைத் தொடர்ந்துதான் 2024 ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பாவில் அதன் கோரிக்கை மனுவில் கையெழுத்துகள் 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டின. காலமெல்லாம் சர்வரை ஓட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மூடுகிற நாளில், வாங்கியவன் தன் கம்ப்யூட்டரில் தானாக ஓட்டிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். இதைவிடக் குறைவாக என்ன கேட்க முடியும்?

லைசென்ஸ் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் போன்ற, கேம் விற்கும் தளங்களில் 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தும்போது நடப்பது வீடு வாங்குவது இல்லை. குடியிருக்க அனுமதி வாங்குவது. அதுவும் வீட்டுக்காரர் எழுதிய ஒப்பந்தத்தின்படி. அந்தக் கணக்கை விற்கவோ இன்னொருவர் பெயருக்கு மாற்றவோ ஒப்பந்தத்தில் இடமில்லை. அப்பா பத்து வருடம் சேர்த்த கேம்களை முறைப்படி மகனுக்கு எழுதி வைக்க முடியாது. 'வாங்கு' என்ற அந்தச் சொல்லுக்காகவே கலிஃபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. லைசென்ஸை விற்றுவிட்டு, அது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது. 2025 ஜனவரி 1 முதல் அமல். அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் தன் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டது: டிஜிட்டல் பொருளுக்குப் பணம் கட்டினால் கிடைப்பது லைசென்ஸ். அடுத்த முறை பணம் கட்டும்போது அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விற்பனையில் இருந்து தூக்கிய பல கேம்களை, முன்பே வாங்கியவர்கள் ஸ்டீமில் இன்றும் இறக்கிக்கொள்ள முடிகிறது. தினம் தினம் யாருடைய கேமும் பறிபோகவில்லை. ஆனால் பறிக்கிற அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது, திரும்பக் கேட்கிற உரிமை நம்மிடம் இல்லை. என் பயம் அதுதான்.

'அப்படியானால் பழைய மாதிரி டிஸ்க்தான் நல்லது' என்று சிலர் சொல்லக்கூடும். நானும் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன். கம்ப்யூட்டர் கேமைப் பொறுத்தவரை டிஸ்க் வெறும் சாவியாக மாறத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது. 2004இல் 'ஹாஃப் லைஃப் 2' பெட்டியில் வந்தபோதே, ஸ்டீம் கணக்கில் பதிவு செய்யாமல் அதை விளையாட முடியாது. 2015இல் ஜிடிஏ 5 ஏழு டிவிடிகளாக வந்தது. வாங்கியவனுக்கு அப்போதாவது ஏழு வட்டுகள் கையில் இருந்தன. அதே வருடம் 'மெட்டல் கியர் சாலிட் 5' கம்ப்யூட்டர் பெட்டியில் இருந்த டிஸ்க்கில் கேமே இல்லை. ஸ்டீமை நிறுவும் சுமார் 8 எம்பி கோப்பு மட்டும். ஒரு சினிமாப் பாட்டின் அளவு.

உண்மையிலேயே முழு கேமும் உள்ள பழைய டிஸ்க்குகள் என்னிடமே முப்பது இருக்கும். கல்லூரி நாட்களில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சுற்றிச் சுற்றிச் சேர்த்தவை. இந்தக் கட்டுரைக்காக அந்தப் பையைப் பரணில் இருந்து இறக்கினேன். ஒரு சிடியை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தபோது, வெள்ளிப் பூச்சின் ஓரத்தில் ஊசி குத்தினாற்போல் எட்டுப் பத்து இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. பூச்சு அரித்துப்போன இடங்கள். அங்கே எழுதியிருந்தது போனதுதான். வேறொரு டிஸ்க் பளபளவென்று புதிதுபோல இருந்தது. கடன் வாங்கிய யுஎஸ்பி டிரைவில் போட்டேன். நிறுவ முடிந்தது, ஆனால் கேம் திறக்க மறுத்தது. காரணம் டிஸ்க்கில் இல்லை, விண்டோஸில் இருக்கிறது. அந்தக் காலத்தில் நகல் எடுப்பதைத் தடுக்க 'சேஃப் டிஸ்க்' என்ற பூட்டைப் போட்டார்கள். அது கம்ப்யூட்டரின் உள்ளடுக்கு வரை நுழைந்து வேலை செய்யும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதால் 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவே இல்லை. விண்டோஸ் 7, 8 இரண்டிலும் அதே வருடம் செப்டம்பரில் ஒரு அப்டேட் மூலம் அணைத்துவிட்டார்கள். காசு கொடுத்து ஒழுங்காக வாங்கியவனுக்குத்தான் பூட்டு. திருட்டு நகல் வைத்திருந்தவனுக்குப் பூட்டே இல்லாததால் அவனுடையது இன்றும் ஓடக்கூடும்.

இதைப் படித்துவிட்டு, 'அதற்குத்தான் நாங்கள் பூட்டை உடைத்த, கிராக் செய்த கேமை இறக்குகிறோம்' என்று யாராவது கிளம்பினால், தயவுசெய்து நில்லுங்கள். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் பயப்படும் இடம் இதுதான். 2021இல் அவாஸ்ட் நிறுவனம் 'கிராக்கனாஷ்' என்ற ஒரு கிருமியைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஜிடிஏ 5, என்பிஏ 2கே19 போன்ற பெயர்பெற்ற கேம்களின் கிராக் பிரதிகளில் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். நிறுவிய பிறகு கம்ப்யூட்டரை சேஃப் மோடில் திறக்கவைத்து ஆன்ட்டிவைரஸை அழிக்கும். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தும். பிறகு உங்கள் மின்சாரத்தில், உங்கள் கம்ப்யூட்டரில், யாருக்கோ மொனேரோ என்ற கிரிப்டோ காசு சம்பாதித்துக் கொடுக்கும். உலகம் முழுக்க 2,22,000 கம்ப்யூட்டர்கள் மாட்டின. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருந்தது. பையன் கேம் ஆடும் அதே கம்ப்யூட்டரில்தான் அப்பா நெட் பேங்கிங் பார்க்கிறார், அம்மா ஆதார் பிரதியைச் சேமித்து வைக்கிறார். 'ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்' என்று ஒரு கேம் கேட்டால், அந்த நிமிடமே அழித்துவிடுங்கள்.

அதற்காக அதிகாரபூர்வக் கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றும் இல்லை. 2025 பிப்ரவரியில் ஸ்டீமிலேயே 'பைரேட்ஃபை' என்று ஒரு இலவச கேம் வந்தது. அதில் தகவல் திருடும் நிரல் இருப்பது தெரிந்து அதைத் தூக்கினார்கள். அதை ஓட்டியவர்களுக்கு, முடிந்தால் விண்டோஸையே புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கை அனுப்பினார்கள். யாரும் கேள்விப்படாத பெயர், இலவசம், வந்து நாலு நாள்தான் ஆகிறது என்றால் தள்ளியே இருங்கள்.

இன்னொரு வகை வியாபாரம் டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் நடக்கிறது. நாலாயிரம் ரூபாய் கேமை சில நூறு ரூபாய்க்குத் தருகிறோம் என்பார்கள். கொடுப்பது யாருடையதோ ஒரு கணக்கின் யூசர்நேமும் பாஸ்வேர்டும். அதையே இன்னும் எத்தனை பேருக்கு விற்றார்களோ தெரியாது. பாஸ்வேர்ட் மாறிய அன்று பணமும் போச்சு, கேமும் போச்சு. கேம் தளத்திடம் புகார் கொடுத்தும் பயனில்லை, விதியை மீறி வாங்கியது நாம்தான்.

இனி செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஸ்டீமில் அந்த கேமின் பக்கத்தில் வலதுபுறப் பட்டையைப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் கணக்கு தேவையா, கூடுதல் பூட்டு இருக்கிறதா என்று அங்கே போட்டிருப்பார்கள். தனியாக ஆடும் கேமுக்கும் எப்போதும் இணையம் வேண்டும் என்றால், அது 'தி க்ரூ' போன வழியில் போகக்கூடியது. அதற்கு முழு விலை கொடுக்காதீர்கள். வாங்கியது சரியில்லையா? 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

ஜிஓஜி என்ற தளம் 2008இல் இருந்து இயங்குகிறது. அங்கே விற்கும் கேம்களை நிறுவும் கோப்பாகவே இறக்கி, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு அந்தத் தளமே மூடினாலும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது ஓடும். முன்பு சொன்ன கலிஃபோர்னியா சட்டமும் இப்படி இறக்கி வைத்து இணையம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு விலக்கு அளிக்கிறது.  எல்லாப் புது கேமும் அங்கே கிடைக்காது. கிடைத்தால் அங்கே வாங்குங்கள், வாங்கிய அன்றே இறக்கி வையுங்கள். இறக்கி வைக்காமல் விட்டால் ஜிஓஜியில் வாங்கியும் பயனில்லை.

பெட்டியில் வாங்குவதாக இருந்தால், பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் முன் பின்பக்க அடி எழுத்தைக் கடையிலேயே படியுங்கள். நான் செய்யாமல் விட்டது அதுதான்.

கடைசியாக, இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் கேம் கணக்கு எந்த இமெயிலில், எந்த மொபைல் நம்பரில் இருக்கிறது என்று கேளுங்கள். அக்கா மகனுடையது, பள்ளியில் கூடப் படித்து ஊர் மாறிப்போன ஒரு பையனின் இமெயிலில் இருந்தது. மூன்று வருடத்தில் சேர்த்த கேம்கள் அத்தனையும் அதில்தான். மாற்றி எழுத எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. "எங்க டீமுக்கு ஒரு ஓட்டுப் போடு" என்றும், "தெரியாம உன் அக்கவுண்ட்டை ரிப்போர்ட் பண்ணிட்டேன், இந்த ஆளைப் பிடி" என்றும் நண்பன் பெயரில் வரும் மெசேஜில் உள்ள லிங்க்கைத் தொடாதே என்று அவனிடம் சொல்லுங்கள். மொபைலில் வரும் இரண்டாவது பாதுகாப்பு எண்ணைப் போட்டு வையுங்கள். கணக்கு உங்கள் வீட்டு இமெயிலுக்கு வரும்வரை அடுத்த கேமுக்குப் பணம் கட்டாதீர்கள்.