கழுத்தைத் தொட்டால் பிரஷர் இறங்குமா?

அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேரில் திட்டத்தை மாற்றிக்கொள்ள ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 கடைசி நாள். அமெரிக்காவில் பிள்ளைகளோடு குடியேறிவிட்ட பெற்றோரும், அவர்களுக்காகப் படிவம் நிரப்பும் பிள்ளைகளும் எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்குக் கூடுதலாகப் பணம் தரும், தனியார் நிறுவனங்கள் நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறலாமா? கழுத்து எலும்பைச் சரிசெய்தால் இரண்டு மாத்திரை செய்யும் வேலையைச் செய்துவிடும் என்று சிகாகோவில் நிரூபித்துவிட்டார்களாமே?

காப்பீட்டுப் பகுதிக்குப் பதில் சுருக்கமானது. ஒரிஜினல் மெடிகேரின் பகுதி பி ஒரே ஒரு கைரோபிராக்டிக் சேவைக்குத்தான் பணம் தருகிறது. 'சப்லக்சேஷன்' என்று அவர்கள் சொல்லும் முதுகெலும்பு இடவிலகலைக் கையால் சரிசெய்வதற்கு மட்டும். கைரோபிராக்டர் எழுதித்தரும் எக்ஸ்ரேவுக்குக் கிடையாது, மசாஜுக்குக் கிடையாது. ரத்த அழுத்தத்துக்கென்று எதுவுமே கிடையாது. அனுமதிக்கப்பட்ட அந்த ஒன்றிலும், ஆண்டுக் கழிவுத் தொகை போக, 20 சதவீதம் நம் கையிலிருந்து.

இந்த 'சப்லக்சேஷன்' விஷயத்தில் அரசுத் தாளில் இருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1895-இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட்டில் இந்தத் தொழிலைத் தொடங்கிய டி.டி. பால்மர், நோய்களில் 95 சதவீதம் இடம் விலகிய முதுகெலும்புகளால்தான் வருகின்றன என்று எழுதியவர். அவருடைய கருத்துக்கு 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தில் இடம் கொடுத்தது. அதே கருத்தைப் பற்றி, பிரிட்டனில் கைரோபிராக்டர்களுக்கு உரிமம் தரும் பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-இல் சொன்னது வேறு: இது வரலாற்றுக் கருத்து, இதுதான் நோய்க்குக் காரணம் என்று காட்ட மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை. ஆக, ஒரு நாட்டில் தொழிலின் கட்டுப்பாட்டு அமைப்பே சான்றில்லை என்று சொன்ன ஒன்றுக்கு இன்னொரு நாட்டின் அரசு பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பணமும் முறையாகப் போகவில்லை. 2013-இல் மெடிகேர் கைரோபிராக்டிக் சேவைகளுக்குக் கொடுத்த சுமார் 43.8 கோடி டாலரில் ஏறத்தாழ 82 சதவீதம் விதிகளுக்குப் பொருந்தாதது என்று சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2016-இல் மதிப்பிட்டது. எனவே, 'மெடிகேரே பணம் தருகிறது, அப்படியென்றால் பலன் இருக்கத்தானே வேண்டும்' என்ற வாதம் நிற்காது.

அடுத்தது சிகாகோ. ரீல்ஸிலும் சிகிச்சை மையங்களின் விளம்பரங்களிலும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் அந்த ஆய்வு உண்மையான ஆய்வுதான். 2007-இல் 'ஜர்னல் ஆஃப் ஹியூமன் ஹைப்பர்டென்ஷன்' இதழில் வந்தது. முன்னின்று நடத்தியவர் ஜார்ஜ் பாக்ரிஸ். ரத்த அழுத்தத் துறையில் உலகம் அறிந்த மருத்துவர். ஆரம்பக் கட்ட உயர் ரத்த அழுத்தம் உள்ள 50 பேர். யாரும் அப்போது மாத்திரையில் இல்லை. 25 பேருக்கு, மண்டையோட்டைத் தாங்கி நிற்கும் முதல் கழுத்து எலும்பான அட்லஸைச் சரிசெய்தார்கள். மற்ற 25 பேருக்குப் போலிச் சிகிச்சை. எட்டு வாரம் கழித்து அளந்தபோது, முதல் குழுவில் மேல் அளவு சராசரியாக 17 புள்ளிகளும் கீழ் அளவு 10 புள்ளிகளும் இறங்கியிருந்தன. போலிக் குழுவில் 3, 2. இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்ததற்குச் சமம் என்று பாக்ரிஸ் அப்போது சொன்னது உண்மை.

இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்ததும், அதே அளவுக்கு உறுத்துவதும் அந்தப் போலிச் சிகிச்சைதான். அங்கே கொஞ்சம் நிற்போம்.

மாத்திரையைச் சோதிப்பது எளிது. மருந்துள்ள மாத்திரையும் மருந்தில்லாத மாத்திரையும் ஒரே நிறம், ஒரே வடிவம். கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. கையால் செய்யும் சிகிச்சைக்கு அப்படி ஓர் இரட்டையை எங்கே தேடுவது? கழுத்தை 'மடக்'கென்று திருப்பி நெட்டி எடுத்தால், தனக்கு என்ன நடந்தது என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும். தெரிந்த மனம் இளகும், இறுக்கம் தளர்ந்த உடம்பில் பிரஷரும் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கம் எலும்பால் வந்ததா, எதிர்பார்ப்பால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை.

சிகாகோவில் பயன்படுத்திய 'நூக்கா' முறை இந்தச் சிக்கலிலிருந்து தப்பியது. காரணம், அதில் நெட்டி எடுப்பதே இல்லை. நோயாளி ஒருக்களித்துப் படுத்துக்கொள்வார். எக்ஸ்ரேயை வைத்துக் கணக்கிட்ட திசையில், காதுக்குக் கீழே கையை வைத்து மெல்ல அழுத்துவார்கள். சத்தம் கிடையாது, திருகல் கிடையாது. அவ்வளவு மெல்லிய தொடுகையாக இருந்ததால், தனக்குக் கிடைத்தது அசலா போலியா என்று நோயாளியால் சொல்ல முடியாதபடி அமைக்க முடிந்தது. இது நல்ல யோசனை, மறுப்பதற்கில்லை.

ஆனால் அழுத்தும் கைக்குத் தெரியுமே! ஐம்பது பேருக்கும் சிகிச்சை செய்தவர் ஒரே ஆள், அந்த முறையில் பல்லாண்டு ஊறிய மூத்த கைரோபிராக்டர் மார்ஷல் டிக்ஹோல்ட்ஸ். யாருக்கு அசல், யாருக்குப் போலி என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவர் வேண்டுமென்றே ஏதும் செய்தார் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கையோடு ஒருவரைத் தொடுவதற்கும் கடமைக்குத் தொடுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு குரலில், பார்வையில், கை வைத்த நேரத்தில் கசிந்துவிடும். ரத்த அழுத்தம் இத்தகைய கசிவுகளுக்கு வளைந்து கொடுக்கும் அளவு. டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஏறுகிறதே. அதோடு, இரண்டு குழுக்களும் ஒரே இடத்திலிருந்து புறப்படவில்லை. தொடக்கத்திலேயே அட்லஸின் சராசரி விலகல் ஒரு குழுவில் 1 டிகிரி, மற்றதில் 0.6 டிகிரி. ஐம்பதே பேர், ஒரே கை, எட்டே வாரம். ஆய்வாளர்களே இதை முன்னோடி ஆய்வு என்றுதான் அழைத்தார்கள். நிரூபணம் என்று சொல்லிக்கொள்வது விளம்பரங்கள்.

விளம்பரங்களில் இன்னொரு தவறும் இருக்கிறது. அது இன்னும் மோசமானது. ரீல்ஸில் கழுத்தை முறுக்கி, மைக்கைப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைப் பதிவுசெய்து காட்டுகிறார்கள். கீழே சிகாகோ ஆய்வின் 17 புள்ளிகளை எழுதுகிறார்கள். சிகாகோவில் யாருடைய கழுத்தையும் முறுக்கவில்லை. ஒரு சிகிச்சையின் முடிவை எடுத்து வேறொரு சிகிச்சையை விற்கிறார்கள்.

வேகமாகத் தள்ளும் முறையையும் சோதித்திருக்கிறார்கள், அதுவும் கைரோபிராக்டர்களே. கைரோபிராக்டிக் பட்டமும் ஆய்வுப் பட்டமும் பெற்ற கிறிஸ்டின் கோயர்ட்ஸ் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் 140 பேர். ஒரு குழுவுக்கு உணவு ஆலோசனை மட்டும்; மற்றொன்றுக்கு உணவு ஆலோசனையோடு நான்கு வாரத்தில் 12 முறை கைரோபிராக்டிக். உணவு மட்டும் மாற்றியவர்களுக்கு மேல் அளவு 4.9, கீழ் அளவு 5.6 இறங்கியது. கைரோபிராக்டிக்கும் சேர்ந்தவர்களுக்கு 3.5, 4.0. கூடுதல் பலன் ஏதும் இல்லை. அதே கோயர்ட்ஸ் 2016-இல், கழுத்தின் மேல் எலும்புகளைச் சட்டென்று தள்ளிவிடும் முறையைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு, 51 பேரிடம் ஆறு வாரம் சோதித்தார். அதிலும் அசல், போலியை வெல்லவில்லை. தன் தொழிலுக்குச் சாதகமில்லாத முடிவை மறைக்காமல் அச்சிட்ட அவரது நேர்மைக்கு மரியாதை செலுத்தத்தான் வேண்டும்.

கழுத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. கழுத்துத் தசைகளிலிருந்து வரும் நரம்புச் செய்திகள் மூளைத்தண்டில் ரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் பகுதிக்குப் போய்ச் சேரும் பாதையை லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே 2007-இல் விளக்கினார்கள். ஆனால் பாதை இருக்கிறது என்பதாலேயே, அதன் வழியாக மாதக்கணக்கில் பிரஷரைக் குறைத்து வைக்கலாம் என்று ஆகிவிடாது.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சையை ஒரு வழியாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் ஏற்றிருக்கிறது. வலி பிரஷரை ஏற்றும். வலிக்காகத் தினமும் விழுங்கும் ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளும் ஏற்றும். முதுகு தேறி, அந்த மாத்திரைகள் நின்றால், பிரஷர் கொஞ்சம் இறங்குவது இயல்பு. சிலர் 'எனக்கு இறங்கியது' என்று எழுதுவது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அங்கே இறங்கியது வலி, பின்னாலேயே பிரஷர். இந்தப் பலன் வேண்டுபவர்கள் வலிக்காகப் போகலாம், பிரஷருக்காக அல்ல.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கழுத்தை முறுக்குவதில் ஆபத்து உண்டா? கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் உண்டு, அரிது. முறுக்கியதுதான் காரணம் என்று உறுதிப்படவில்லை. ஆனாலும் இந்தத் தொடர்பை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் அறிவுறுத்தியது.

யார் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்? எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள், ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து எடுப்பவர்கள், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே வேண்டாம்.

அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் வந்த பெற்றோருக்கு மெடிகேர் உண்டா? இல்லை.

மாத்திரையில்லாமல் எதுதான் பிரஷரைக் குறைக்கும்? உப்பைக் குறைப்பது, எடையைக் குறைப்பது, நடை, காய்கறி பழம் மிகுந்த உணவு, மதுவை விடுவது. இவற்றுக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது.

கைரோபிராக்டிக்குக்காக அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறலாமா? அதற்காக மட்டும் மாறாதீர்கள். புதிய திட்டத்தின் மருந்துப் பட்டியலில் உங்கள் பிரஷர் மாத்திரை இருக்கிறதா, மருத்துவர் பட்டியலில் உங்கள் டாக்டர் இருக்கிறாரா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

சிகிச்சை தொடங்கியதும் மாத்திரையை நிறுத்தலாமா? கூடாது. சிகாகோவில் மாத்திரை இல்லாமல் இருந்தவர்கள் லேசான உயர் அழுத்தம் உள்ளவர்கள், மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டில் நீங்களாக நிறுத்தினால், பிரஷர் ஏறுவது உங்களுக்குத் தெரியாமலே போகலாம். மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்றால் குறைக்க வேண்டியவர் அதை எழுதிக்கொடுத்த டாக்டர் மட்டுமே.