ஏசி ரிமோட்டில் 20-ஆ, 24-ஆ? கரன்ட் பில்லையும் காலநிலையையும் தொடும் 4 டிகிரி!

மே மாதம், இரவு 10 மணி. ஆபீஸிலிருந்து வந்ததும் பெட்ரூம் கதவைச் சாத்திவிட்டு, ஏசி ரிமோட்டை 18-க்கோ 20-க்கோ இறக்குவது பலரின் பழக்கம். 'அப்பதான் சீக்கிரம் கூல் ஆகும்' என்பது நம்பிக்கை. கரன்ட் பில் வரும்போதுதான் ஷாக் அடிக்கும். அந்த பில்லுக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது, அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் கணக்கு.

18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

பெரும்பாலும் இல்லை. ரிமோட்டில் தெரியும் எண், பைக்கின் ஆக்ஸிலரேட்டர் மாதிரி வேகத்தைக் கூட்டுவதற்கானது அல்ல. பஸ்ஸில் நாம் இறங்க வேண்டிய ஸ்டாப் மாதிரி. அறை எவ்வளவு குளிர்ந்ததும் கம்ப்ரஸர் ஓய்வெடுக்கலாம் என்பதைத்தான் அது சொல்கிறது. நள்ளிரவிலும் வெளியே 29, 30 டிகிரி கொதிக்கும்போது 18 என்ற ஸ்டாப் வரவே வராமல் போகலாம். கம்ப்ரஸர் விடிய விடிய ஓடும்.

ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. ஸ்டார் லேபிள் ஏசி-களில் 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரிதான் டிஃபால்ட் செட்டிங். அதைக் கீழே இறக்குவது நாம்தான்.

100 யூனிட் குறைந்தால் 1,000 ரூபாய்!

ஒரு உதாரணம் பார்ப்போம். 20 டிகிரியில் மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் ஏசி, தினம் 8 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 480 யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாம் சேர்த்து 110 யூனிட் என்றால் மொத்தம் 590. ஏசி-யை 24-க்கு மாற்றினால் தோராயமாக 100 யூனிட் குறைந்து 490 ஆகும்.

தமிழ்நாட்டில் 500 யூனிட் என்பது முக்கியமான எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிவிடும். 2022 செப்டம்பரில் அமலான கட்டணப்படி, 590 யூனிட்டுக்கு பில் 2,670 ரூபாய். 490 யூனிட்டுக்கு 1,665 ரூபாய். வித்தியாசம் 1,005 ரூபாய். அதன்பிறகு ரேட் கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் கணக்கு போடும் முறை இதேதான்.

வாடகை வீட்டில் ஓனர் எல்லா யூனிட்டுக்கும் ஒரே ரேட் வசூலித்தால் இந்த 500 கணக்கு பொருந்தாது. ஆனால் குறைத்த 100 யூனிட்டுக்கான பணம் அப்போதும் மிச்சம்தான்.

இதில் காலநிலை எங்கே வருகிறது?

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சோலார் கைகொடுக்கும். பெட்ரூம் ஏசி ஓடும் இரவில் சூரியன் இல்லை. காற்றாலை சீசனும் மே முடியும்போதுதான் வேகமெடுக்கும். எனவே இரவுச் சுமையில் பெரும்பகுதி நிலக்கரியின் தலையில் விழுகிறது.

இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. 100 யூனிட் என்றால் 70 கிலோ. ஒரு வீட்டுக்கு இது சின்ன எண். ஆனால் லட்சக்கணக்கான ஏசி-கள் ஒரே இரவில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

இன்னொன்று, அறையிலிருந்து எடுத்த வெப்பம் மறைந்துவிடுவதில்லை. அவுட்டோர் யூனிட் அதைத் தெருவில் கொட்டுகிறது. ஏசி வாங்க முடியாத பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்ளும் அந்த அனல்தான் போகிறது.

'வருஷா வருஷம் கேஸ் போடணும்' உண்மையா?

இல்லை. ஏசி-யில் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. குறைகிறது என்றால் எங்கோ லீக். இப்போது பல ஏசி-களில் உள்ள ஆர்-32 கேஸ், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைவிடச் சுமார் 675 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. ஒரு கிலோ லீக் ஆனால் 675 கிலோவுக்குச் சமம். மேலே பார்த்த சேமிப்பைப்போல 9 மடங்குக்கும் மேல் ஒரே அடியில் காலி! லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது பர்ஸுக்கும் நஷ்டம்.

என்ன செய்யலாம்?

* ஏசி 24 முதல் 26-ல், கூடவே ஃபேன். காற்று உடலில் படும்போது வியர்வை சீக்கிரம் உலரும். அறை இன்னும் குளிர்ந்ததுபோலத் தோன்றும்.
* பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட், பி.எல்.டி.சி ஃபேன் சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம்.
* ஃபில்டரை சீசனில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். மேற்கு வெயில் விழும் ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள்.
* சர்வீஸுக்கு வருபவர் 'கேஸ் கம்மி' என்றால், முதலில் லீக் எங்கே என்று கேளுங்கள்.

ஏசி-யே வேண்டாம் என்பதல்ல விஷயம். வெப்ப அலை நாட்களில் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் குளிர்ந்த அறை உயிர் காக்கும். அந்த இரவுகளில் மின்சாரம் எல்லோருக்கும் தட்டாமல் கிடைக்க வேண்டுமானால், போர்வை போர்த்திக்கொள்ளும் அளவுக்கு அறையைக் குளிரவைக்கும் பழக்கத்தை விட வேண்டும். இன்று இரவு ரிமோட்டை எடுக்கும்போது 24-லேயே விட்டுப் பாருங்கள்.