தண்ணீர்விட்டானும் தளிர் ஆஸ்பராகஸும்

சிறுமலைப் பக்கத்து வறண்ட காடுகளில் முட்புதரைப் பற்றிக்கொண்டு ஏறும் தண்ணீர்விட்டான் கொடியும், பெருநகரக் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் ஆஸ்பராகஸ் தளிரும் ஒரே பேரினத்துச் செடிகள். முன்னது ஆஸ்பராகஸ் ரெசிமோசஸ். மருந்துக் கடையில் சதாவரி. பின்னது ஆஸ்பராகஸ் அஃபிசினாலிஸ். முன்னதில் கிழங்கு பயன்படுகிறது, பின்னதில் தளிர். திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளப்பட்டி வீட்டுத் தோட்டத்துக்கு எது பொருந்தும் என்பதை இரண்டின் வேரும் சொல்லிவிடும்.

இரண்டு செடிகளிலும் இலை போலத் தெரியும் பச்சை ஊசிகள் உண்மையில் தண்டுகள். அசல் இலைகள் செதிலாகவும் முள்ளாகவும் சுருங்கிவிட்டன. பரப்பு குறைந்த இந்த ஊசிகள் நீரை அதிகம் இழக்காமல் சர்க்கரை தயாரித்து, சதைப்பற்றான வேர்களுக்கு அனுப்புகின்றன. தளிர் ஆஸ்பராகஸில் அந்தச் சர்க்கரை ஃப்ரக்டான் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. பருவம் வந்ததும் அது மீண்டும் கரைந்து, வேர்க்கட்டையில் காத்திருக்கும் மொட்டுகளுக்கு ஏறுகிறது. வெப்பமான நாளில் தளிர் 10 செ.மீ.க்கும் மேல் நீளும். அதற்கு வேண்டிய உணவு முழுவதும் சென்ற ஆண்டின் சேமிப்பே. வேரை நெற்குதிர் என்று கொள்ளலாம். மேல்வாயில் கொட்டுவது ஊசித்தண்டு. அடித்துவாரத்தைத் திறந்து அள்ளுவது தளிர் பறிப்பவர். நட்ட முதல் ஆண்டு குதிரில் அடிமட்டம்கூட நிறைந்திருக்காது. அப்போதே அள்ளினால் விதைநெல்லையும் உண்டதாகும். பறித்துக்கொண்டே இருந்தால் கொட்ட ஆளில்லாமல் குதிர் காலியாகி, செடி நலிந்துவிடும். நட்டு இரண்டு, மூன்று ஆண்டுகள் பறிக்கக் கூடாது என்ற விதி இதனால் வந்ததே.

குளிர்நாடுகளில் பனிக்காலம் தண்டுகளைக் கருக்கிச் செடிக்கு ஓய்வு தருகிறது. திண்டுக்கல் சமவெளியில் அந்தக் குளிர் இல்லை. செடி ஆண்டு முழுவதும் சிறுசிறு தளிராக விட்டுச் சேமிப்பைச் செலவழிக்கிறது. பெருவின் பாலைநிலப் பண்ணைகள் பாசனத்தை நிறுத்தி ஓய்வை வரவழைக்கின்றன. தைவானிலும் தாய்லாந்திலும் ஒவ்வொரு தூரிலும் சில தண்டுகளைத் தாய்த்தண்டாக வளரவிட்டு, பக்கத்தில் வருவதை மட்டும் பறிக்கிறார்கள். வெப்பநிலத் தோட்டத்துக்கு ஏற்றது இந்த இரண்டாவது முறை. ஆனால் தளிர் மெலிந்தே வரும். கடைக்காட்சியை எதிர்பார்க்கக் கூடாது.

தண்ணீர்விட்டானுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கோடையில் கொடி காய்ந்தாலும் கிழங்கு உயிரோடிருந்து, மழை விழுந்ததும் துளிர்க்கும். விதையின் தோல் கடினமானது. ஓரிரவு ஊறவைத்து விதைத்தாலும் முளைக்கச் சில வாரங்களாகும். மொட்டுள்ள வேர்க்கட்டையைப் பிரித்து நடுவது எளிது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், நீர் தேங்காத செம்மண் பாத்தியில் தொழுவுரம் கலந்து நட்டு, கொடி ஏறக் கம்போ வேலியோ கொடுக்க வேண்டும். தேங்கும் நீர் கிழங்கை அழுகவைக்கும். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டில் தூரைத் தோண்டினால் விரல் தடிமனில் கிழங்குகள் கொத்தாக வரும். கொதிநீரில் சற்று வேகவைத்தால் மேல்தோல் உரியும். நடுவிலுள்ள நாரை உருவிவிட்டு, வெள்ளைச் சதையை உலர்த்துவார்கள்.

 

சந்தையோ தண்ணீர்விட்டான் கிழங்கைப் பெண்களுக்கான அற்புத டானிக்காக விற்கிறது. கிழங்கில் ஸ்டீராய்டு வகைச் சபோனின்கள் இருப்பது உண்மை. ஆனால் 1996இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியான ஆய்வில், தாய்ப்பால் போதாத தாய்மாருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது ப்ரோலாக்டின் ஹார்மோன் அளவில் வேறுபாடு தெரியவில்லை. பிந்தைய ஒரு சிறு ஆய்வு பலன் உண்டு என்றது. இவ்வளவு முரண்பட்ட சான்றை வைத்து டப்பாவில் உறுதிமொழி எழுதுவது நியாயமில்லை. தாய்மார்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே உட்கொள்ள வேண்டும்.

காட்டில் கிழங்கை முழுவதும் தோண்டினால் அந்தக் கொடி அதோடு செத்துவிடும். வீட்டில் வளர்ப்பவர், மொட்டுள்ள வேர்க்கட்டையோடு சில கிழங்குகளை விட்டு மீண்டும் நட்டால் அடுத்த அறுவடைக்கும் செடி இருக்கும். சின்னாளப்பட்டி மண்ணுக்கு ஏற்றது தண்ணீர்விட்டான்தான். அதைக் காட்டிலிருந்து பிடுங்காமல் நாற்றங்காலிலிருந்து வாங்கி நட வேண்டும்.