19 எம்.எல்.ஏ.க்களும் ஒரு மந்திரி பதவியும்

நெய்வேலியிலிருந்து கடலூர் போனால், மஞ்சக்குப்பத்தில் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியாரின் மணிமண்டபம் இருக்கு. 2019-ல் திறந்தது. எங்க டவுன்ஷிப்புல அவரைப் பத்திக் கேட்டா "சாதித் தலைவர்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. காமராஜர் அமைச்சரவையில் மந்திரியா இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1952 தேர்தலில் சென்னை சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152-தான். பெரும்பான்மைக்கு 188 வேணும். தென்னாற்காட்டில் (அப்போ நெய்வேலி டவுன்ஷிப்பே கிடையாது, என்.எல்.சி. வந்ததே 1956-ல்) வலுவா இருந்த படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடம் ஜெயிச்சது. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. ரெண்டுமே வன்னியர் ஆதரவில் வளர்ந்தவை.

ராஜாஜி அமைச்சரவையில் மாணிக்கவேலு மந்திரியானார். 6 பேர் வைத்திருந்தவர் உள்ளே, 19 பேர் வைத்திருந்தவர் வெளியே! என்ன கணக்கோ! 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானபோதுதான் படையாட்சியாருக்குக் கதவு திறந்தது. எட்டே பேர் கொண்ட அமைச்சரவையில் அவருக்கு உள்ளாட்சித் துறை. மாணிக்கவேலுவும் தொடர்ந்தார். அதாவது, எட்டில் ரெண்டு இடம்.

சும்மா கிடைக்கலை. உழைப்பாளர் கட்சி கலைஞ்சு காங்கிரஸில் சேர்ந்தது. வெளியே நின்னு பங்கு கேட்கறதுக்குன்னே தொடங்கின கட்சி அது. என் கணிப்பில் இந்த பேரத்தில் அதிக லாபம் காமராஜருக்குத்தான்: 1952-ல் கைவிட்டுப் போன வட மாவட்டங்களில் காங்கிரஸுக்கு மறுபடி ஆள் கிடைச்சுது.

படையாட்சியார் பின்னால 1980, 1984 ரெண்டு தடவையும் திண்டிவனத்திலிருந்து மக்களவைக்குப் போனார். ரெண்டுமே காங்கிரஸ் வேட்பாளராக.