உங்களுக்குத் தெரியுமா? காலுக்கேற்ற கியர், உடலுக்கேற்ற சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஈ.சி.ஆர். சாலையில் ரோடு பைக் ஓட்டுகிறவர்கள் டீக்கு ஒதுங்கும் இடத்தில் கொஞ்சம் காதைக் கொடுத்துப் பாருங்கள். "பின்னாடி எத்தனை பல்லுடா?", "சீட்டை இன்னும் ஏத்தணும்ணா, முட்டி ரொம்ப மடங்குது", "கிராங்க் 170-ஆ, 172.5-ஆ?" என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பேச்சுக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதிலிருந்து சில துணுக்குகள்.

● டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்கியது 1903இல். சைக்கிள் ஓடும்போதே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லருக்கு அங்கே வழிவிட்டது 1937இல்! பந்தயத்தின் தந்தையான ஆன்ரி தெக்ரான்ஜ் கடைசிவரை மசியவில்லை. கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான், பந்தய வீரன் தசையால் ஜெயிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் வீரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, இறக்கைத் திருகாணியைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, செயினை இழுத்துப் பிடித்து முடுக்கிக்கொண்டு ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் மறுபடி இதே வேலை. 1910இல் பைரினீஸ் மலைத்தொடரின் தூர்மலே கணவாயைப் (உயரம் 2,115 மீட்டர்) பந்தயத்தில் முதன்முறையாகச் சேர்த்தபோது, உச்சியை முதலில் தொட்ட ஒக்தாவ் லாப்பீஸே வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தெக்ரான்ஜ் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937இல் டீரெய்லர் வைத்து ஓட்டி ஜெயித்தவர் ரோஜே லாபெபி.

● தெக்ரான்ஜின் பிடிவாதம் தவறு என்பதை அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு பெண் நிரூபித்திருந்தார். 1902இல் பிரான்ஸின் டூரிங் கிளப் ஒரு மலைப்பாதைச் சோதனை நடத்தியது. ஒரே கியரில் பந்தய வீரர் எதுவார் ஃபிஷர். மூன்று கியர் வைத்த சைக்கிளில் மார்த் எஸ். அந்த அம்மையார் வழிநெடுகக் காலைத் தரையில் ஊன்றாமலே ஏறி முடித்தார். சரித்திரத்தில் அவருக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

● பல கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் பால் தெ விவி. 'வேலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். மலைகள் சூழ்ந்த சேன்ட் எத்தியேன் நகரத்துக்காரர், 'லெ சிக்லிஸ்த்' பத்திரிகையின் ஆசிரியர். ஊரே மேடும் பள்ளமுமாக இருந்தால் கியரின் அருமை தெரியாமலா போகும்?

● ஒரு காலத்தில் கால் நீளம்தான் கியரையே தீர்மானித்தது. முன்சக்கரம் ஆளுயரம் நிற்கும் பழைய பென்னி ஃபார்திங் சைக்கிளில் பெடல் நேராக முன்சக்கர அச்சிலேயே இருக்கும். ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. வேகம் வேண்டுமென்றால் பெரிய சக்கரம் வேண்டும். பெரிய சக்கரத்துக்கு நீண்ட கால் வேண்டும். குட்டையானவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சின்னச் சக்கரம்தான் அவர் தலையெழுத்து. 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செயின் வைத்த ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்ததும் அந்தக் கட்டு அறுந்தது. சீட் உயரம் தனி, கியர் தனி என்றானது. ரோடு பைக்கில் நெடுங்காலம் பரவலாக இருந்த முன்பக்கம் 53 பல், பின்பக்கம் 11 பல் சேர்க்கைக்குச் சமமான பென்னி ஃபார்திங் செய்தால், அதன் முன்சக்கரம் சுமார் 3.2 மீட்டர் உயரம் நிற்கும்!

● உங்கள் கியரின் அளவை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். டயரில் காற்றடிக்கும் வால்வு தரையைப் பார்த்து இருக்கும்படி சைக்கிளை நிறுத்தி, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றும்படி சைக்கிளைப் பின்னால் தள்ளி, நின்ற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் அந்தக் கியர். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கியரை இப்படி மீட்டரில்தான் சொல்கிறார்கள். ரோடு பைக் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். முன்னே 34, பின்னே 34 பல் என்றால் ஒரு மிதிக்கு அதே 2.1 மீட்டர். 53க்கு 11 என்றால் 10 மீட்டருக்குச் சற்று மேல்.

● இந்தக் கணக்கை அப்படியே மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதைக்குக் கொண்டுபோவோம். 36 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் வளைவுகள் 70 என்றாலும் அங்கே சரிவு இவ்வளவு செங்குத்தில்லை. கல்லட்டியில் பல இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டும், அதாவது 100 மீட்டர் முன்னேறினால் 10 மீட்டருக்கு மேல் உயரம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 60 மிதிக்குக் கீழே போனால் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். பழைய பந்தயக் கியரான 39க்கு 25இல் 60 மிதி என்றால் மணிக்கு 11.8 கி.மீ. வேகத்தில் ஏறியே ஆக வேண்டும். புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் சுமார் 255 வாட். 34க்கு 34இல் அதே 60 மிதிக்கு வேகம் மணிக்கு 7.6 கி.மீ., தேவை சுமார் 165 வாட். ஆபீஸ் வேலைக்கு நடுவில் பயிற்சி செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் எண் ஒரு மணி நேரம் தாங்காது. இரண்டாவது தாங்கும். "34 பல்லா? அது பாட்டிமார் கியராச்சே!" என்று கேலி செய்பவரைப் பத்தாவது வளைவில் ஓரமாக நிற்கும்போது பார்க்கலாம்.

● வாட் கணக்கு ஒன்றாகவே இருந்தாலும் முழங்காலுக்கு எல்லா மிதியும் ஒன்றல்ல. 200 வாட்டை நிமிடத்துக்கு 60 மிதியில் கொடுத்தால் பெடலைத் தாங்கும் கிராங்கில் விழும் முறுக்குவிசை சராசரியாக 32 நியூட்டன் மீட்டர். 90 மிதியில் 21தான். வேகமான மிதியில் மூச்சு கூடுதலாக வாங்கும், தொடையும் முட்டியும் பிழைத்துக்கொள்ளும்.

● எளிய கியரை இன்று தொழில்முறை வீரர்களே தேடிப் போகிறார்கள். 1970களில் முன்பக்கச் சிறிய பல்சக்கரத்துக்கு 42 பல் என்பது சாதாரணம். அதோடு மலை ஏறியவர்கள் இடுப்பை ஒடித்துக்கொண்டு, எழுந்து நின்று மிதித்தார்கள். 2021இல் ஷிமானோ நிறுவனம் தன் உச்சவகை டூரா ஏஸ் வரிசையைப் புதுப்பித்தபோது, முன்பக்க இரட்டைப் பல்சக்கரத்தில் 53/39 சேர்க்கையையே கைவிட்டது. பதிலுக்கு 54/40, 52/36, 50/34. பின்னால் 34 பல் வரை போகும் பல்சக்கர அடுக்கு (கேசட்).

● பெரிய கியருக்கும் தடை வந்ததுண்டு. வளரும் பிள்ளைகளின் மூட்டைக் காக்க, ஜூனியர் பந்தயங்களில் ஒரு மிதிக்கு 7.93 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. நெடுங்காலம் விதி வைத்திருந்தது. 52க்கு 14 பல் என்பதுதான் அந்த அளவு. 2023 முதல் அந்த விதி இல்லை. பெரியவர்களின் வேகத்தைக் கட்டுப்படுத்த 54க்கு 11 என்ற உச்சவரம்பைச் சீனாவின் குவாங்ஸி பந்தயத்தில் பரிசோதிக்க 2025இல் அதே சங்கம் திட்டமிட்டது. பின்னால் 10 பல் வைத்துச் செய்யும் ஸ்ராம் நிறுவனம் பெல்ஜியத்தின் வணிகப் போட்டி ஆணையத்திடம் முறையிட, சோதனை நிறுத்தப்பட்டது.

● இனி சீட்டுக்கு வருவோம். என்னைக் கேட்டால் சைக்கிளில் முதல் கவனம் கியருக்கல்ல, இதற்குத்தான். சுவரோடு முதுகை ஒட்டி, செருப்பில்லாமல் நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே இழுத்துப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளவு எடுங்கள். அதை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. மூன்று முறை டூர் ஜெயித்த அமெரிக்கர் கிரெக் லெமான்ட் பரப்பிய சூத்திரம் இது. ஆனால் இது வெறும் தொடக்கப்புள்ளி. ஷூவின் அடித்தடிமன், கிராங்க் நீளம், பின்தொடையின் இறுக்கம் எல்லாம் இதைச் சில மில்லிமீட்டர் நகர்த்தும். பெடல் கீழே இருக்கும்போது முட்டியில் 25 முதல் 35 டிகிரி மடிப்பு இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து நண்பரை விட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லிப் பார்ப்பது உத்தமம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கலாம். பின்பக்கம் வலித்தாலோ, இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ உயர்ந்திருக்கலாம்.

● ஐந்து முறை டூர் ஜெயித்த எடி மெர்க்ஸ் பந்தயத்தின் நடுவிலேயே அலன் கீயை எடுத்துச் சீட்டைத் திருத்துவார். மனப்பிராந்தி அல்ல. 1969இல் பிரான்ஸின் புளுவா நகர ஓட்டக்களத்தில் நடந்த விபத்தில் அவருக்கு முன்னால் மோட்டார் வண்டியில் சென்ற வழிகாட்டி இறந்தார். மெர்க்ஸின் முதுகும் இடுப்பும் அடிபட்டன. அதற்குப் பிறகு எந்த உயரத்திலும் அவருக்கு வலியில்லாமல் உட்கார முடியவில்லை. அந்த உடம்போடுதான் 1972இல் மெக்ஸிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தார்.

● உயரமானவருக்கு நீளக் கிராங்க் என்பது பழைய பாடம். இன்று அது மாறிவருகிறது. ஸ்லோவேனிய வீரர் தடெய் பொகாச்சர் 2024இல் இத்தாலியின் ஜிரோ, டூர், உலகச் சாம்பியன்ஷிப் மூன்றையும் ஜெயித்தபோது அவர் காலடியில் இருந்தது 165 மி.மீ. கிராங்க். கிராங்க் 7.5 மி.மீ. குறைந்தால் சீட்டை அதே அளவு ஏற்ற வேண்டும். ஆகப் பெடல் உச்சிக்கு வரும்போது சீட்டுக்கும் பாதத்துக்கும் நடுவே 15 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கிறது. குனிந்து ஓட்டும்போது முட்டி வயிற்றில் இடிக்காது, மூச்சுக்கும் இடமிருக்கும். நெம்புகோல் குட்டையாவதால் கியரைத்தான் கொஞ்சம் எளிதாக்கிக்கொள்ள வேண்டும்.

● வாஷிங்மெஷின் பேரிங் போட்ட சைக்கிளில் உலக சாதனை! ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ தன் கையால் செய்த 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' சைக்கிளில், கைகளை மார்புக்கடியில் மடக்கிக்கொண்டு, 1993 ஜூலையில் ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டினார். ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மேன் அதை முறியடித்தார். 1994இல் ஓப்ரீயின் அமர்வு முறைக்கே தடை வந்தது.

● ஹேண்டில்பாரைத் தாழ்த்தினால் காற்றுத் தடை குறையும் என்பது உண்மைதான். 1989 டூரின் கடைசி நாளில் லெமான்ட் முன்னோக்கி நீண்ட கைப்பிடியில் படுத்து ஓட்டி, பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோனை மொத்தம் 8 விநாடியில் வென்றார். ஆனால் அது 24.5 கி.மீ. ஓட்டம். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்குத் தாழ்ந்த கைப்பிடி என்றால் பிடரி வலி, உள்ளங்கை மரத்துப்போதல். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தாலும் இதே கதைதான். உடம்பு முன்னால் வழுக்க, பாரம் முழுவதையும் கை தாங்கும். ஒரு மட்டப்பலகையைச் சீட்டின் மேல் வைத்தால் போதும், தெரிந்துவிடும்.

● பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து விதி.

● மெல்லிய டயர்தான் வேகம் என்று நம்பி 23 மி.மீ. டயரில் 120 பி.எஸ்.ஐ. காற்றைத் திணித்த காலம் மலையேறிவிட்டது. இப்போது பந்தயங்களிலேயே 28, 30 மி.மீ. சகஜம். ஒரே காற்றழுத்தத்தில் அகல டயர் தரையில் பதியும் தடம் குட்டையாக இருக்கும். அதனால் டயரின் பக்கச்சுவர் குறைவாகவே நசுங்கும். அழுத்தத்தைக் குறைத்தால் நம் ஊர் ஜல்லிச் சாலையின் அதிர்வையும் டயரே வாங்கிக்கொள்ளும். கல் போன்ற டயரில் அந்த அதிர்வு உடம்புக்கு ஏறி, தசையில் வீணாகக் கரைகிறது. 65 கிலோ ஆசாமி 28 மி.மீ. டயரில் 70 பி.எஸ்.ஐ. சுமாருக்குத் தொடங்கி, இரண்டு இரண்டாகக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம்.

● பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் ஜெயிப்பு, தோற்பு கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. கணக்குப் போட்டால் மணிக்கு சுமார் 15 கி.மீ., அதுவும் டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து. இந்த ஓட்டங்களின் தாயான பாரிஸ் ப்ரெஸ்ட் பாரிஸ் 1891இல் பந்தயமாகப் பிறந்தது. இன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை, சுமார் 1,200 கி.மீ., 90 மணி நேரம். தமிழ்நாட்டிலிருந்தும் போய் முடித்து வந்தவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தின் சைக்கிளைக் கவனித்தால் ஹேண்டில்பார் சீட்டுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கும், டயர் அகலமாக இருக்கும், பின்னால் 34 பல்லுக்கும் மேல் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.